ஓபோவா, ஹிச்சிரிக்கியா?

நாகஸ்வரம் போலவே இரண்டும் இரட்டை நாக்குச் சீவாளி வைத்து ஊதுபவை. குணம்தான் வேறு.

17ஆம் நூற்றாண்டில் பிரான்சில் உருவான ஓபோ சுமார் 65 செ.மீ. நீளம். உடம்பெல்லாம் உலோகச் சாவிகள். கூம்பாக விரியும் குழல் இரண்டரை ஸ்தாயி தாண்டியும் பாடும். ஆர்கெஸ்ட்ராவே அதன் சுரத்தைக் கேட்டுத்தான் சுருதி சேர்க்கும்.

ஜப்பானிய அரசவை இசையான ககாகுவின் ஹிச்சிரிக்கி சுமார் 18 செ.மீ. மூங்கில்தான். முன்னால் 7 துளை, பின்னால் 2. சாவியே இல்லை, எட்டுவதும் ஒரு ஸ்தாயிக்குச் சற்று மேல்தான். ஆனால் முதன்மை மெட்டு அதன் பொறுப்பு. இத்தனை சின்னக் குழலிலிருந்து அவ்வளவு பெரிய சத்தம் வருவதை முதலில் நம்பவே முடியாது!

சீவாளியில்தான் எனக்கு ஆசை அதிகம். ஓபோவுக்கு மெல்லிய இரண்டு நாணல் பட்டைகளை உலோகக் குழாயில் நூலால் கட்டி, தண்ணீரில் நனைப்பார்கள். ஹிச்சிரிக்கிக்கு ஒரே நாணல் துண்டின் நுனியைத் தட்டையாக நசுக்கி, சூடான பச்சைத் தேநீரில் ஊறவைப்பார்கள். ஒசாகா பகுதியில், யோதோ ஆற்றங்கரையிலுள்ள உதோனோ நாணலுக்குத் தனி மதிப்பு.

அப்புறம், விரலை மாற்றாமல் உதட்டாலேயே சுரத்தை வழுக்கவிடும் எம்பாய் என்ற நுட்பம். கமகம் கேட்டு வளர்ந்த என் காது அங்கேயே நின்றுவிடுகிறது. விதவிதமான இசை வாசிக்க ஓபோதான் சரி. ஒரே ஒரு சுரத்தில் கரைந்துபோக, ஹிச்சிரிக்கி.