பிக்கப் பின்பக்க ஸ்பிரிங் பட்டைக்கு பாலியூரிதேன் புஷ்: சத்தம் போகுமா?

போகும், சத்தம் புஷ்ஷிலிருந்து (பட்டையின் மூட்டுகளில் இருக்கும் மெத்தை வளையம்) வந்தால் மட்டும். அதனால் செட் வாங்கும் முன் சோதித்துவிடுங்கள். ஒருவர் பாடியைப் பிடித்து ஆட்ட, இன்னொருவர் பட்டையின் ஒவ்வொரு மூட்டிலும் தனித்தனியாகத் தண்ணீர் அடிக்கட்டும். எங்கே அடித்ததும் ‘கிரீச்’ சட்டென்று அடங்குகிறதோ, அந்தப் புஷ்தான் போயிருக்கிறது. ‘டக் டக்’ என்றால் பட்டையை அச்சோடு கட்டும் யூ போல்ட் தளர்ச்சி, ஷாக் அப்சார்பர் புஷ் இரண்டையும் முதலில் பாருங்கள்.

ஒரு பக்கத்துக்கு மூன்று மூட்டு: முன்கண் (பட்டையின் முன்முனை வளையம்), ஷாக்கிளின் (பட்டையின் பின்முனையைச் சட்டத்தோடு இணைக்கும் ஆடும் இணைப்பு) மேல், கீழ். இந்தப் புஷ் இரண்டு பாதியாக வருவதால் இரு பக்கத்துக்கும் சேர்த்து 12 பாதி, 6 ஸ்லீவ் (புஷ்ஷின் நடுவே போகும் இரும்புக் குழாய்). கையாலேயே உள்ளே போகும், பிரஸ் தேவையில்லை. பழைய புஷ்ஷின் இரும்புக் கூட்டை அறுத்து எடுப்பதில்தான் பாதி நாள் போய்விடும்.

ரப்பர் புஷ் முறுக்கிக்கொண்டு வேலை செய்யும்; பாலியூரிதேனோ ஸ்லீவின் மேல் சுழலும். எனவே சிலிகான் கிரீஸ் உள்ளும் புறமும் தாராளமாகத் தடவ வேண்டும். இதைத் தவிர்த்தால் சில மாதத்தில் பழைய சத்தமே திரும்பும். இந்தப் புஷ்ஷுக்கு வரும் கெட்ட பெயரில் பெரும்பங்கு இதனால்தான்.

பாரம் ஏற்றும் வண்டிக்கு தாராளமாக வாங்கலாம். காலி வண்டியாகவே ஓடினால் அதிர்வு கூடுதலாகத் தெரியும், ரப்பரே போதும். ஆனால் ரப்பர் போல்ட்டை, சக்கரம் தரையில் நின்ற பிறகே முழுதாக முறுக்குங்கள். தூக்கி வைத்தே முறுக்கினால் ரப்பர் சீக்கிரம் கிழியும்.