அனோரோ எலிப்டா: சிஓபிடிக்கு ஒரே இழுப்பில் இரண்டு மருந்து

சிஓபிடி என்ற நாட்பட்ட மூச்சடைப்பு நுரையீரல் நோய்க்குத் தினமும் எடுக்கும் இன்ஹேலர்களில் கைவேலை மிகக் குறைந்தவற்றுள் இது ஒன்று. ரோட்டாகேப் என்ற பொடிக் கேப்ஸ்யூலை எடுத்துப் பொருத்தித் திருக வேண்டாம். ஸ்ப்ரே வகையில் அழுத்துவதும் இழுப்பதும் ஒரே நொடியில் நடக்க வேண்டுமே, அந்தத் தொல்லையும் இல்லை. சிவப்பு மூடியை ‘கிளிக்’ கேட்கும்வரை கீழே தள்ளினால் மருந்து தயார். நாளுக்கு ஒரு இழுப்பு, தினமும் ஒரே நேரத்தில்.

உள்ளே தனித்தனிப் பட்டைகளில் இரண்டு பொடிகள். விலான்டெரால் மூச்சுக்குழாய்த் தசையைத் தளர்த்தும். அந்தத் தசையைச் சுருங்க வைக்கும் நரம்புச் சைகையை யுமெக்லிடினியம் மறிக்கும். இருவழியிலும் தாக்குவதால் ஒற்றை மருந்தைவிட மூச்சு நன்றாகத் திறக்கிறது. அமெரிக்கப் பெட்டியில் 62.5/25, ஐரோப்பியப் பெட்டியில் 55/22 மைக்ரோகிராம் என்றிருக்கும். குழம்ப வேண்டாம்: முன்னது பட்டையில் உள்ள அளவு, பின்னது வாய்க்கு வந்து சேரும் அளவு.

எளிமைக்கு ஒரு விலை உண்டு. மூடியைத் திறந்தாலே, மிச்ச டோஸைக் காட்டும் கவுண்டரில் ஒரு எண் குறையும். இழுக்காமல் மூடினால் அந்த டோஸ் உள்ளேயே தங்கி வீணாகும். அடுத்த முறை இரட்டிப்பாக வராது. யாருக்காவது திறந்து காட்டினால்கூட ஒரு நாள் மருந்து போச்சு. இன்னொன்று, பொடியின் ருசியே தெரியாமல் போகலாம். ‘மருந்து வரவில்லை’ என்று மறுபடி இழுக்காதீர்கள். திறந்தபோது எண் குறைந்து, சரியாக இழுத்தும் இருந்தால் மருந்து வந்துவிட்டது.

முதலில் கருவியைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு மூச்சை வெளியே விடுங்கள். உள்ளே ஊதினால் ஈரம் பொடியைக் கெடுக்கும். உதடுகளால் வாய்ப்பகுதியை இறுக மூடி, நீளமாக, சீராக, ஆழமாக இழுத்து, 3–4 வினாடி பிடித்து, மெல்ல விடுங்கள். காற்றுத்துளையை விரல் மறைத்தால் முழு அளவு வராது; பிடிக்கும் விதத்தை முதல் நாளே பழகிக்கொள்ளுங்கள். இழுக்கவே திராணி இல்லாதவர்களுக்கு, மெல்லிய தூவலாக வரும் ஸ்பியோல்டோ ரெஸ்பிமேட் பொருந்தலாம். ஆனால் அதன் அடிப்பாகத்தை அரைச்சுற்று திருக வேண்டும். மூட்டுவலிக் கைகளுக்கு அது சிரமம்.

கருவியை அடைத்து வரும் தட்டைப் பிரித்து 6 வாரமானால், டோஸ் மிச்சமிருந்தாலும் தூக்கிப் போட வேண்டியதுதான். பிரித்த தேதியை லேபிளில் எழுதுங்கள். கழுவக் கூடாது, உலர்ந்த டிஷ்யூவால் துடைத்தால் போதும்.

திடீர்த் திணறலுக்கு இது உதவாது. உடனடி நிவாரண இன்ஹேலரான சால்பியூட்டமால் எப்போதும் கையில் இருக்கட்டும். டியோட்ரோபியமும் ஃபார்மோடெராலும் கலந்த டுவோவா இன்ஹேலரை இதோடு சேர்த்தால் ஒரே வகை மருந்து இரட்டிப்பாகும். ஆஸ்துமாவுக்கு இது அல்ல. புரோஸ்டேட் வீக்கமோ குறுகிய கோணக் கண் அழுத்த நோயோ இருந்தால் முன்பே டாக்டரிடம் சொல்லுங்கள். சிறுநீர் அடைத்தாலோ, கண் வலித்து விளக்கைச் சுற்றி வளையம் தெரிந்தாலோ உடனே காட்ட வேண்டும்.

இதில் ஸ்டீராய்டு கிடையாது. நோய் அடிக்கடி தீவிரமாகி, ரத்தத்தில் ஈசினோஃபில் என்ற வெள்ளை அணு 300க்கு மேல் இருப்பவர்களை, ஸ்டீராய்டும் சேர்ந்த ட்ரெலஜிக்கு டாக்டர் மாற்றலாம். அதுவும் இதே எலிப்டா கருவிதான், மூடி மட்டும் வெளிர் பழுப்பு. இந்த இரண்டு மருந்தும் அதற்குள்ளேயே இருப்பதால், மாறிய பிறகு சிவப்பு மூடியைத் தொடாதீர்கள்.