பிங் போதுமா, ஐபெர்ஃப் வேண்டுமா?

ஒரு கணினியிலிருந்து இன்னொன்றுக்கு வீடியோ ஓடவிடும் முன், நடுவில் இணைப்பு இருக்கிறதா என்று பார்க்க எல்லோரும் முதலில் தட்டுவது பிங். மறுமுனைக்கு ஒரு சிறு செய்தி அனுப்பி, பதில் வருகிறதா என்று பார்க்கும் இது, 1983 டிசம்பரில் மைக் மூஸ் எழுதிய சின்ன நிரல். பெரும்பாலான கணினிகளில் ஏற்கெனவே இருக்கும், மறுமுனையில் எதையும் நிறுவ வேண்டாம். வசதி என்று பார்த்தால் அதற்குப் போட்டியே இல்லை.

ஆனால் அது சொல்வதை அப்படியே நம்பக் கூடாது. பதில் வரவில்லையா? விண்டோஸ் ஃபயர்வால் தடுத்திருக்கலாம். கேபிளைப் பிடுங்கிச் செருகும் முன் அதைப் பாருங்கள். பதில் வந்ததா? வந்தது யாரிடமிருந்து என்று படியுங்கள். ‘சென்றடைய முடியவில்லை’ என்ற செய்தியையும் விண்டோஸ் வந்த பதிலாக எண்ணி, இழப்பு 0 சதவீதம் என்று காட்டிவிடும். நிஜமாகவே பதில் வந்தாலும், விண்டோஸ் பிங் அனுப்புவது 32 பைட் தரவு, அதுவும் வினாடிக்கு ஒன்று. 5 எம்பிபிஎஸ் (வினாடிக்கு 5 மெகாபிட்) வீடியோவுக்கு வினாடிக்கு 400-க்கும் மேற்பட்ட பெரிய பாக்கெட்டுகள் (தரவுப் பொட்டலங்கள்) போக வேண்டும். சைக்கிள் நுழைந்த சந்தில் லாரியும் நுழையும் என்று எப்படிச் சொல்வது?

நெட்கேட் என்ற கருவி வேறு கேள்வி கேட்கிறது: போர்ட் (கணினியில் ஒரு சேவைக்கான எண்ணிட்ட வாசல்) திறந்திருக்கிறதா? வீடியோ அனுப்பும் நெறிமுறை ஆர்டிஎம்பி என்றால் 1935, ஆர்டிஎஸ்பி என்றால் 554. தரவு சேர்ந்ததை உறுதிசெய்துகொள்ளும் டிசிபி-யில் இதன் பதில் நம்பகமானது. அப்படி உறுதிசெய்யாமல் அனுப்பும் யுடிபி-யில் நம்ப வேண்டாம், மறுமுனையில் யாருமே கேட்காவிட்டாலும் ‘வெற்றி’ என்று சொல்லக்கூடியது. பாக்கெட் எந்தெந்த ரவுட்டர் வழியாகப் போகிறது என்று காட்டும் டிரேஸ்ரூட்? இரண்டு கணினியும் ஒரே சுவிட்சில் இருந்தால் அதில் பார்க்க ஒன்றுமில்லை.

என் ஓட்டு, இணைப்பின் வேகத்தையும் இழப்பையும் அளக்கும் ஐபெர்ஃப்3-க்குத்தான். இரண்டு பக்கமும் நிறுவ வேண்டும், ஒரு பக்கம் சர்வராக ஓட வேண்டும், 5201 போர்ட்டைத் திறந்துவிட வேண்டும். தொல்லைதான். ஆனால் வீடியோ போகும் அதே வேகத்தில் யுடிபி பாக்கெட்டுகளைத் தள்ளி, எத்தனை தொலைந்தன, ஜிட்டர் (பாக்கெட் வந்துசேரும் நேரத்தின் ஏற்ற இறக்கம்) எவ்வளவு என்று இந்த நான்கில் இது மட்டும்தான் சொல்கிறது. ஒரு பொறி உண்டு: வேகத்தை நாம் குறிப்பிடாவிட்டால் யுடிபி சோதனை 1 எம்பிபிஎஸ்ஸில்தான் ஓடும். அதில் இழப்பு இல்லை என்று சந்தோஷப்பட்டு, பிறகு 8 எம்பிபிஎஸ் வீடியோ கட்டம் கட்டமாக உடைவதைப் பார்த்து விழித்தவர்களில் நானும் ஒருவன். அப்புறம், திசையும் முக்கியம். சாதாரணமாக கிளையண்ட்தான் அனுப்பும். உங்கள் வீடியோ எதிர்ப்பக்கமிருந்து வருகிறது என்றால் திசையைத் திருப்பிச் சோதியுங்கள். வைஃபையில் இரண்டு திசைக்கும் ஒரே முடிவு வரும் என்று எதிர்பார்க்க வேண்டாம். பத்து வினாடி ஓட்டமும் போதாது. ஐந்து நிமிடமாவது விடுங்கள்.

மல்டிகாஸ்ட்டில், அதாவது ஒரே ஓட்டத்தைப் பல கணினிகளுக்கு ஒரே நேரத்தில் அனுப்பப் போகிறீர்கள் என்றால் மட்டும் கதை மாறும். ஐபெர்ஃப்3-இல் மல்டிகாஸ்ட் வசதி கிடையாது, பழைய ஐபெர்ஃப்2-வைத்தான் எடுக்க வேண்டும். நடுவில் ரவுட்டர் இருந்தால் டிடிஎல் மதிப்பையும் (பாக்கெட் எத்தனை ரவுட்டர் வரை போகலாம் என்ற வரம்பு) கூட்டி வையுங்கள். 1 என்றே இருந்தால் பாக்கெட் அந்த ரவுட்டரைத் தாண்டாது.