போகும் வில், வரும் வில்: மூன்று சபரிமலை சீசன் ஒரு வரைபடக் கருவியோடு

செங்கோட்டையில் வேன் வைத்திருக்கும் நண்பர் போன வாரம் போன் செய்தார். "அண்ணே, சாமிமாருக்கு நீங்க கொடுக்குற மேப்ல கோடு வில்லு மாதிரி வளைஞ்சு வருதே, அது எதுல போடுறீங்க? சந்தா கட்டலாமா?" கட்டலாம், வேண்டாம் என்று போனில் ஒரு வார்த்தையில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மூன்று சீசனாக அதோடு மல்லுக்கட்டியவன் நான். அதனால் எழுதியே விடுகிறேன். கருவியின் பெயரை அவரிடம் சொல்லிவிட்டேன், இங்கே அது தேவையில்லை. ஊரைப் புள்ளியாகக் குத்தி, புள்ளிக்குப் புள்ளி கோடு இழுத்து, வேண்டுமென்றால் அந்தக் கோட்டை வளைக்கலாம் என்கிற வகைக் கருவி. அந்த வகை எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

என் தேவை என்ன என்பதை முதலில் சொல்ல வேண்டும். கம்பத்திலிருந்து கார்த்திகை, மார்கழியில் சபரிமலைக்கு வண்டி விடுகிறேன். கூட்டம் ஏறியதும் மலைப்பாதையை ஒருவழியாக்கிவிடுவார்கள். போகும்போது கம்பம்மெட்டு ஏறி, கட்டப்பனை வழியாகக் குட்டிக்கானம். திரும்பும்போது பீர்மேடு, வண்டிப்பெரியாறு, குமுளி, அப்புறம் லோயர்கேம்ப் இறங்கிக் கம்பம். வழியைத் தானாகக் காட்டச் சொன்னால் எந்தக் கருவியும் போக வர இரண்டுக்கும் குமுளி சாலையைத்தான் காட்டும். அந்த இரண்டு மாத ஏற்பாடு அதற்குத் தெரியாது. அதை நம்பி லோயர்கேம்ப் வரை போய்த் திரும்பிய வெளியூர் வண்டிகளை ஒவ்வொரு வருஷமும் பார்க்கிறேன்.

சாலையை உள்ளது உள்ளபடி வரைந்தாலும் பயனில்லை. திரையில் பெரிதாக்கிப் பார்க்கும்போது அழகாக இருக்கும். ஒரு ஏ4 தாளில் கம்பம் முதல் பம்பை வரை அடக்கினால் கொண்டை ஊசி வளைவுகள் ஒன்றோடு ஒன்று ஒட்டி, மை ஊறின மாதிரி ஆகிவிடும். போடிமெட்டுக்கு ஒரு தடவை அப்படிப் போட்டுப் பார்த்தேன். 17 வளைவும் சேர்ந்து ஒரே கரும்புள்ளி. வண்டியில் உட்கார்ந்திருக்கும் சாமிக்கு வளைவு எண்ணிக்கை எதற்கு? எந்த ஊருக்கு அப்புறம் எந்த ஊர், சாப்பாடு எங்கே, நிலக்கல்லில் இறங்கி எந்த பஸ் ஏற வேண்டும், இவ்வளவு தெரிந்தால் போதும். அதற்கு ஊருக்கு ஊர் ஒரு வில் போதும்.

இந்த வில்லில்தான் கருவி என்னை மயக்கியது. அது வளைவை எப்போதும் போகும் திசைக்கு இடக்கைப் பக்கமாகவே போடும். குட்டிக்கானத்திலிருந்து முண்டக்கயம், எருமேலி வரை போக்குக்கும் வரவுக்கும் ஒரே சாலைதான். நேர்கோடாகப் போட்டால் ஒன்றின் மேல் ஒன்று படுத்துவிடும். இதில் குட்டிக்கானத்திலிருந்து எருமேலிக்கு இழுத்தால் வில் தென்கிழக்கே வளைகிறது. எருமேலியிலிருந்து திரும்பி இழுத்தால் இடக்கை மாறிவிடுவதால் வடமேற்கே வளைகிறது. நான் எதையும் மாற்றவேண்டியதில்லை. நம் சாலையில் வண்டி இடப்பக்கமாகப் போவதும் இப்படித்தானே! முதல் தடவை பார்த்தபோது மகளைக் கூப்பிட்டுக் காட்டினேன். இன்றைக்கும் ஒவ்வொரு சீசனுக்கும் முதல் கோடு இழுக்கும்போது அந்தச் சந்தோஷம் வருகிறது.

சரி, இனி கோபம்.

கோட்டின் நடுவில் ஒரு குட்டி வட்டம் இருக்கும். அதைப் பிடித்து இழுத்தால் கோடு வளையும். ஆனால் இழுத்த தூரத்தில் பாதிக்குத்தான் வளையும். இது பிழை என்றே ஒரு வருஷம் நினைத்திருந்தேன். பிறகுதான் இந்த வளைவின் கணக்கே அப்படி என்று தெரிந்தது. 1960களில் கார் உடம்பின் வளைவுகளை வரைய ரெனோ கம்பெனியில் பெசியே என்ற பொறியாளர் பயன்படுத்திய முறை இது. சிட்ரோயன் கம்பெனியில் டி காஸ்டெல்ஜோ அதற்கும் முன்பே இதைக் கண்டிருந்தார். தொடக்கம், முடிவு, நடுவில் இழுக்கும் புள்ளி என்று மூன்றுதான். கோடு அந்த மூன்றாவது புள்ளியைத் தொடாது, அதை நோக்கிப் பாதி தூரம் வந்து திரும்பிவிடும். நான்கு சென்டிமீட்டர் வளைய வேண்டுமென்றால் எட்டு சென்டிமீட்டர் இழுக்க வேண்டும். இது தெரிந்த பிறகு கை பழகிவிட்டது. கருவியில் இதை ஒரு வரியில் எழுதி வைத்திருக்கலாம்.

கை பழகாத தொல்லை ஒன்று உண்டு, மூன்று வருஷமாகியும் ஆறவில்லை. வரைந்ததைக் கோப்பாக இறக்கினால் வில் எல்லாம் நேர்கோடாகிவிடும். முதல் சீசனில் இது தெரியாமல் அச்சுக்கடைக்குக் கோப்பை அனுப்பி 200 தாள் அடித்துவிட்டேன். வண்டி கிளம்பிய பிறகுதான் பார்த்தேன், குமுளியிலிருந்து கம்பத்துக்கு மலையை ஊடுருவிக்கொண்டு ஒரு கோடு. திண்டுக்கல் பக்கத்துக் குருசாமி ஒருவர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "சாமி, மலைக்குள்ள போறது பெரியாத்துத் தண்ணிதான? நம்ம வண்டியுமா போகுது?" என்று கேட்டார். முல்லைப் பெரியாற்றுத் தண்ணீர் சுரங்கத்தில் வந்து, ராட்சசக் குழாய்களில் லோயர்கேம்ப் மின்நிலையத்துக்கு இறங்குவதைத் திரும்பும்போது எல்லோரும் பார்ப்பார்கள். அவர் நிஜமாகவே சந்தேகம் கேட்டார். எனக்கு முகம் சுண்டிவிட்டது. 200 தாளையும் வாங்கி வைத்துவிட்டு, திரும்பும் வழியை வாயால் சொன்னேன்.

காரணத்தைத் தேடிப் படித்தேன். வரைபடக் கோப்புகளில் பரவலாக இருக்கும் கேஎம்எல், ஜியோஜேசன் இரண்டிலும் வளைவு என்ற ஒன்றே கிடையாது. புள்ளிகளின் வரிசைதான். ஜியோஜேசனுக்கு 2016இல் வெளியான விதிமுறையிலும் இரண்டு புள்ளிக்கு நடுவில் நேர்கோடு என்றுதான் இருக்கிறது. ஆகவே கோப்பின் மேல் குற்றமில்லை. திரையில் வளைத்துக் காட்டுகிற கருவி, இறக்கும்போது அந்த வில்லை இருபது முப்பது துண்டாக நறுக்கிக் கொடுத்திருக்க வேண்டும். அது சின்ன வேலை. நானே எக்செல்லில் அந்தக் கணக்கைப் போட்டுச் செய்துவிட்டேன். எட்டுத் துண்டு போட்டால் அச்சில் முனை தெரிகிறது, 24 போட்டால் வழுவழுப்பாக வருகிறது. ஒரு எச்சரிக்கை: கோப்பில் தீர்க்கரேகை முதலில், அட்சரேகை பிறகு. நாம் பேச்சில் சொல்வதற்குத் தலைகீழ். கம்பத்தின் 9.7, 77.3 என்பதை அப்படியே எழுதினால் ஊர் ஆர்க்டிக்கில், ஸ்வால்பார்ட் தீவுகளுக்கு மேற்கே கடலில் போய் நிற்கும். என் வேனை இரண்டு முறை அங்கே நிறுத்தியிருக்கிறேன்.

'பூமி வளைவைப் பின்பற்று' என்று ஒரு பொத்தான் உண்டு, அதை நம்பிப் பணம் கட்டாதீர்கள். அது விமானப் பாதைக்கு. சென்னையிலிருந்து நியூயார்க்குக்குப் போட்டால் கோடு வடதுருவத்துப் பக்கமாக வளைந்து போகும். கம்பத்திலிருந்து எருமேலிக்குப் போட்டால் அசையவே அசையாது. இவ்வளவு கிட்டத்தில் பூமியின் வளைவு தாளில் தெரியாது.

இதையெல்லாம் பொறுத்துக்கொண்டேன். போன மாதம் வந்த புதுப்பிப்பில் நான் சேமித்து வைத்திருந்த 46 வில்களும் நேராகிப் படுத்துவிட்டன. எழுதிக் கேட்டதற்கு, மறுபடி வளைத்துக்கொள்ளுங்கள் என்று பதில் வந்தது. இரண்டு ராத்திரி உட்கார்ந்து ஒவ்வொன்றாக இழுத்தேன்.

தம்பி, உங்களுக்கு ஆரியங்காவு, தென்மலை, புனலூர் என்று போக்கும் வரவும் ஒரே சாலை. அந்த இடக்கை வில் என்னைவிட உங்களுக்குத்தான் அதிகம் உதவும். தாளைப் பார்த்தால் குழந்தைக்கும் புரியும். இருந்தாலும் சந்தா கட்ட வேண்டாம் என்றுதான் சொல்வேன். கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருள் இலவசம். அதில் கோட்டுக்கு அம்பு வடிவம் என்று ஒன்று இருக்கிறது, மூன்று புள்ளி வைத்தால் வளைந்த அம்பாகவே வரும். அச்சிலும் வளைந்தே வரும். பழக எனக்கு இரண்டு வாரம் பிடித்தது. கார்த்திகை பிறப்பதற்குள் ஒரு ஞாயிற்றுக்கிழமை லேப்டாப்பை எடுத்துக்கொண்டு கம்பம் வந்துவிடுங்கள், உங்கள் வழியை உட்கார்ந்து போட்டுவிடலாம்.