"பெர்மிட் எல்லாம் நான் பார்த்துக்கிறேன்" என்று சொன்ன குத்தகையாளரை நம்பி 16,500 ரிங்கிட் கொடுத்தேன்

பினாங்கில் வீட்டுக்குப் பின்னால் விறகடுப்பு வைக்கவோ, சமையற்கட்டை நீட்டிக் கூரை போடவோ நினைக்கிறவர்கள் தயவுசெய்து இதைக் கடைசிவரை படியுங்கள். பணம் போனது ஒரு பக்கம். வீடே தீப்பிடித்திருக்கும், அதிலிருந்து தப்பித்தோம் என்பதால்தான் எழுதுகிறேன். அந்த ஆளின் பெயரையோ அவருடைய நிறுவனத்தின் பெயரையோ போடவில்லை. அவர் எப்படி வேலை பார்த்தார் என்பதை மட்டும் சொல்கிறேன்.

என் அம்மா கெடாவில் ஒரு ரப்பர் தோட்டத்து லயத்தில் பிறந்து வளர்ந்தவர். அப்பா போன பிறகு குளுகோரில் எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார். ஒற்றை மாடி வரிசை வீடு, பின்னால் கொஞ்சம் இடம், அதைத் தாண்டினால் பின்சந்து. அம்மாவுக்குக் கேஸ் அடுப்புச் சமையல் பிடிக்கவே இல்லை. "மீன் கொழம்பு கொதிக்குது, ஆனா வேகல" என்பார். அவருக்கு 74 வயது. அவர் கேட்டது ஒரே ஒரு விறகடுப்பு. செய்து கொடுத்துவிடலாம் என்று நினைத்தோம்.

கோயிலில் பழக்கமான ஒருவர் மூலம், வீட்டு வேலைகளை எடுத்துச் செய்யும் அந்தக் குத்தகையாளர் வந்தார். நம்ம ஆள், மரியாதையாகப் பேசினார், அம்மாவிடம் பத்து நிமிடம் தோட்டத்துக் கதை கேட்டார். அப்புறம் கைப்பேசியில் ஓர் இரும்பு அடுப்பைக் காட்டினார். முன்னால் கண்ணாடிக் கதவு, மேலே இரண்டு பாத்திரம் வைக்கத் தட்டு, பின்னால் குழாய். குளிர் நாடுகளில் வீட்டைச் சூடாக்க வைக்கும் அடுப்பு அது. "புகையே தெரியாது அக்கா, எல்லாம் குழாய் வழியா மேல போயிடும்" என்றார். மாநகர் மன்ற அனுமதி வேண்டாமா என்று கேட்டேன். "பெர்மிட் எல்லாம் என் தலையில போடுங்க, நான் பார்த்துக்கிறேன்" என்றார். நான் ஏமாந்தது அந்த இடத்தில்தான்.

ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார். கூரைக்கு 9,500, அடுப்புக்கு 4,800, குழாய்க்கு 1,700, பெர்மிட்டுக்கு 2,500. மொத்தம் 18,500 ரிங்கிட். பாதியை முன்பணமாகக் கொடுத்தேன். இரண்டு வாரம் கழித்து வாட்ஸ்அப்பில் ஒரு ரசீதின் படம் வந்தது. கூடவே "பெர்மிட் ஓகே அக்கா" என்று ஒரு வரி. மேலே மாநகர் மன்றத்தின் சின்னம், கீழே முத்திரை, நடுவில் தொகை. தாளைப் பிடித்திருந்த அவருடைய கட்டைவிரல் முகவரி வரியின்மேல் இருந்தது. அன்றைக்கு அந்த விரல் என் கண்ணில் படவில்லை. சரி, அனுமதி கிடைத்துவிட்டது என்று நினைத்து இன்னொரு 7,250 கொடுத்தேன்.

வேலை ஒன்பது நாளில் முடிந்தது. மரச்சட்டம் அடித்து, மேலே ஜிங்க், கீழே பிளாஸ்டர் சிலிங். சிலிங்கில் ஓட்டை போட்டு அதன் வழியாக எவர்சில்வர் குழாயை ஏற்றி, சுற்றிலும் ஒரு வளையம் வைத்து சிலிக்கான் பூசிவிட்டார்கள். பார்க்க அழகாகத்தான் இருந்தது. மூன்று மூட்டை ரப்பர் விறகும் இலவசமாகப் போட்டார். அம்மா அதில் இரண்டு கட்டைகளை எடுத்து ஒன்றோடொன்று தட்டிப் பார்த்தார். காய்ந்த விறகு 'டங்' என்று கேட்கும். இது 'தொப்' என்றது. "பச்சை மரம்டி, இன்னும் மூணு மாசமாவது காயணும்" என்றார். குத்தகையாளர் சிரித்துக்கொண்டே, அடுப்புச் சூட்டிலேயே காய்ந்துவிடும் அம்மா என்றார்.

அம்மா சொன்னதுதான் சரி. ஈர விறகில் சூட்டின் ஒரு பகுதி தண்ணீரை ஆவியாக்கவே போய்விடும். நெருப்பு மந்தமாக எரியும், புகை குளிர்ந்து குழாயின் உட்சுவரில் தாராகப் படியும். அந்தத் தார் சேர்ந்துகொண்டே போய் ஒருநாள் குழாய்க்குள்ளேயே தீப்பிடிக்கலாம். எரிக்கும் விறகில் ஈரம் 20 விழுக்காட்டுக்குக் கீழே இருக்க வேண்டும் என்பது பொதுவான கணக்கு. பினாங்கின் காற்றில் இருக்கும் ஈரத்துக்கு, மழை படாமல் காற்றோட்டமாக மாதக்கணக்கில் அடுக்கிவைத்தால்தான் அது முடியும். லயத்தில் வளர்ந்தவருக்கு இது காதாலேயே தெரிந்திருக்கிறது. நாங்கள் அவர் பேச்சைக் கேட்காமல் எரித்தோம்.

மூன்றாவது வாரம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அம்மா சமைத்துக்கொண்டே நிமிர்ந்து, "கூரை வேகுற வாசம் வருதுடி" என்றார். எனக்கு மீன் வாசம்தான் வந்தது. மேலே பார்த்தால் குழாயைச் சுற்றிச் சிலிங்கில் தேநீர்க் கறை மாதிரி ஒரு பழுப்பு வட்டம். சிலிக்கான் கருகிச் சுருண்டிருந்தது. அடுப்பை அணைத்து, ஆறிய பிறகு என் கணவர் ஏணி வைத்து ஏறி ஒரு பலகையைக் கழற்றினார். குழாய்க்கும் மரச்சட்டத்துக்கும் நடுவே இரண்டு விரல்தான் நுழைந்தது. குழாயைப் பார்த்த பக்கம் மரம் கறுப்பாகி, நகத்தால் சுரண்டினால் கரித்தூளாகக் கொட்டியது. அந்தத் தூளை அவர் என் உள்ளங்கையில் போட்டார். அன்றிரவு எனக்குத் தூக்கமே இல்லை. அம்மாவின் அறை அந்தச் சுவருக்கு அடுத்தாற்போல்தான் இருக்கிறது.

மறுநாள் என் மகள் சாம்பல் தட்டுக்குள் பிளாஸ்டிக் உறை பிரிக்காமலே கிடந்த கையேட்டைக் கண்டுபிடித்தாள். அதைக் குத்தகையாளர் படிக்கவில்லை, உறையே சாட்சி. எங்களுக்குப் போட்டது மாதிரியான ஒற்றைச் சுவர் குழாய் எரியக்கூடிய எந்தப் பொருளிலிருந்தும் 18 அங்குலம் தள்ளியிருக்க வேண்டும், அதைச் சிலிங் வழியாகவோ மூடிய கூரைக்குள்ளோ கொண்டுபோகவே கூடாது என்று எழுதியிருந்தது. கூரையைத் தாண்டும் பகுதிக்கு இரட்டைச் சுவரும் நடுவே வெப்பத்தடுப்பும் உள்ள குழாய்தான் வேண்டும். மேல் முனை கூரையைவிடக் குறைந்தது 3 அடி உயரமாகவும், சுற்றி 10 அடிக்குள் இருக்கும் எதையும்விட 2 அடி உயரமாகவும் இருக்க வேண்டும். எங்கள் குழாய் ஜிங்குக்கு மேலே ஒரு முழம்கூட இல்லை, மழை மூடியும் கிடையாது. மரம் திரும்பத் திரும்பச் சூடேறினால் கருகிக் காய்ந்து, பிறகு முன்னைவிடக் குறைந்த சூட்டிலேயே பற்றிக்கொள்ளும் தன்மைக்கு வந்துவிடும். முதல் நாள் ஒன்றும் ஆகவில்லை என்பதால் ஐம்பதாவது நாளும் ஆகாது என்று இருந்துவிட முடியாது.

குத்தகையாளரைக் கூப்பிட்டேன். வந்து பார்த்துவிட்டு, மரத்தின்மேல் அலுமினியத் தாள் சுற்றித் தருகிறேன் என்றார். நான் ஒத்துக்கொள்ளவில்லை. அதற்குப் பிறகு அழைப்பை எடுப்பதை நிறுத்திவிட்டார்.

இதற்கிடையில் பக்கத்து வீட்டு ஆண்டி மாநகர் மன்றத்தில் புகார் கொடுத்திருந்தார். அவர்மேல் எனக்கு வருத்தமே இல்லை. எங்கள் குழாய் முனை அவருடைய மாடி ஜன்னலுக்கு நேராக இருந்தது, உள்ளே ஆஸ்துமா இருக்கும் பேரப்பிள்ளை. இருபது வருடப் பழக்கத்தில் முதலில் என்னிடம்தான் இரண்டு முறை சொன்னார். பெர்மிட் இருக்கிறது ஆண்டி என்று நான்தான் சொல்லி அனுப்பினேன். இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

வந்த அதிகாரி ஒரு மலாய்ப் பெண்மணி, பொறுமையாகப் பேசினார். ரசீது படத்தைக் காட்டினேன். அவர் என் கைப்பேசியை வாங்கிப் படத்தைப் பெரிதாக்கி, கட்டைவிரலின் ஓரத்தில் தெரிந்த நான்கு இலக்கத்தைக் காட்டி, "இது உங்கள் லாட் நம்பரா?" என்று மலாயில் கேட்டார். லாட் நம்பர் என்றால் நிலத்தின் எண். அது எங்களுடையது இல்லை. அடுத்த நாள் கொம்தார் கட்டடத்தில் இருக்கும் மாநகர் மன்ற முகப்புக்குப் போய்க் கேட்டபோது முழுதாகத் தெரிந்தது. அது வேறு யாரோ ஒருவர் தம் வீட்டு வேலைக்குக் கட்டிய காப்புப் பணத்துக்கான ரசீது. எங்கள் முகவரியில் ஒரு விண்ணப்பம்கூட இல்லை. முன்பு வேலை செய்து கொடுத்த வீட்டின் ரசீதை வைத்துக்கொண்டு எத்தனை பேருக்கு அனுப்பினாரோ தெரியாது.

சட்டம் என்ன சொல்கிறது என்று அதற்குப் பிறகுதான் படித்தேன். 1974-ஆம் ஆண்டு சாலை, வடிகால், கட்டடச் சட்டத்தின் 70-ஆம் பிரிவின்படி கட்டுவதற்கும் நீட்டிப்பதற்கும் ஊராட்சி மன்றத்தின் எழுத்துபூர்வ அனுமதி முதலில் வேண்டும். குத்தகையாளர் ஏமாற்றிவிட்டார் என்பதால் நோட்டீஸ் அவர் வீட்டுக்குப் போகாது. வீட்டு உரிமையாளர் பெயருக்குத்தான் வரும், எனக்கும் அப்படித்தான் வந்தது. 14 நாளுக்குள் குழாயை இறக்கச் சொன்னார்கள், இறக்கினோம். பக்கத்து வீட்டுப் பையன் இது திறந்தவெளி எரிப்பு என்றும் சொல்லியிருந்தான். அது அப்படி இல்லை. 1974-ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் தரச் சட்டத்தில் திறந்தவெளி எரிப்பு என்பது புகைபோக்கி வழியாகச் செலுத்தப்படாமல் வெளியில் எரியும் நெருப்பு. ஆனால் ஒழுங்காகப் புகைபோக்கி இருந்தாலும், புகை அடுத்த வீட்டுக்குத் தொல்லை கொடுத்தால் 1976-ஆம் ஆண்டு ஊராட்சி மன்றச் சட்டத்தின் கீழ் நடவடிக்கை எடுக்கலாம். ஆகவே அண்டை வீட்டாரிடம் முதலிலேயே பேசிவிடுவது நல்லது. புகை எந்தப் பக்கம் போகும் என்பது அவர்களுக்குத்தான் நம்மைவிட நன்றாகத் தெரியும்.

பணத்தைப் பற்றியும் சொல்கிறேன். பலர் போனது போகட்டும் என்று விட்டுவிடுகிறார்கள், விடாதீர்கள். பயனீட்டாளர் உரிமைகோரல் நடுவர் மன்றத்தில் 50,000 ரிங்கிட் வரை வழக்குப் போடலாம். பதிவுக் கட்டணம் 5 ரிங்கிட். வழக்கறிஞர் வேண்டியதில்லை, நாமே பேசவேண்டும். பிரச்சினை நடந்து 3 ஆண்டுக்குள் பதிந்துவிட வேண்டும். நான் கொண்டுபோனவை: குத்தகையாளர் கையால் எழுதிய அந்தத் தாள், வங்கிப் பரிமாற்றச் சீட்டுகள், கட்டைவிரல் படம், கருகிய மரச்சட்டத்தில் ஒரு துண்டு. வெட்டி எடுத்த அந்தத் துண்டை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு மேசைமேல் வைத்தேன். அதுவரை விறைப்பாகப் பேசிக்கொண்டிருந்த குத்தகையாளர் அதைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டார். பெர்மிட் பணம் 2,500, குழாய் 1,700, சிலிங்கைச் சரிசெய்த செலவு 1,300, ஆக 5,500 கேட்டேன். 4,200 தருவதாக அங்கேயே ஒப்புக்கொண்டார், அதையே தீர்ப்பாகப் பதிந்தார்கள். 14 நாளுக்குள் கொடுக்காவிட்டால் அது குற்றம். பதின்மூன்றாவது நாள் பணம் வந்தது. மீதி 2,000-ஐ நான் முதலிலேயே கொடுக்காமல் பிடித்து வைத்திருந்தது பெரிய உதவி. அதை வைத்துத்தான் கூரையில் மரச்சட்டத்தை மாற்றினோம்.

ஆதாரங்களை எப்படி வரிசைப்படுத்துவது என்று எனக்குச் சொல்லிக் கொடுத்தவர்கள் பினாங்கு பயனீட்டாளர் சங்கத்தினர். தமிழிலேயே பேசினார்கள். தயங்காமல் போய்க் கேளுங்கள்.

இப்போது எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்கிறோம். பதிவு பெற்ற வரைவாளர் ஒருவர் வந்து பிளான் வரைந்தார். கதவு வரி, நில வரி ரசீதுகளைக் கேட்டார், ஆண்டியின் சம்மதக் கடிதத்தையும் வாங்கச் சொன்னார். நான் கேட்கப் போனபோது ஆண்டி கடிதத்தைப் படித்துப் பார்த்து, குழாயை அந்தப் பக்கச் சுவருக்கு மாற்றினால் கையெழுத்துப் போடுகிறேன் என்றார். மாற்றினோம். புதுக் குத்தகையாளர் சிஐடிபி, அதாவது கட்டுமானத் தொழில் மேம்பாட்டு வாரியத்தின் பதிவு உள்ளவர். பதிவு இருக்கிறதா, ஜி1 முதல் ஜி7 வரை எந்தத் தரம் என்பதை அவர்களுடைய இணையத்தளத்தில் நாமே தேடிப் பார்க்கலாம். முதல் ஆளிடம் நான் அதைக் கேட்கவே இல்லை. விண்ணப்பம் கொடுத்த அன்று வந்த ரசீதில் எங்கள் லாட் நம்பர் இருக்கிறதா என்று முகப்பிலேயே நின்று இரண்டு முறை படித்தேன். அனுமதி வரும்வரை அடுப்பைத் தார்ப்பாய் போட்டு மூடி வைத்திருக்கிறோம். விறகு பின்சுவர் ஓரத்தில் காய்கிறது. அம்மா வாரத்துக்கு ஒருமுறை இரண்டு கட்டையைத் தட்டிப் பார்க்கிறார்.

அந்த ஆள் இப்போது பட்டர்வொர்த் பக்கம் வேறொரு பெயரில் வேலை எடுக்கிறார் என்று கோயிலில் சொன்னார்கள். உங்களுக்கு யாராவது பெர்மிட் ரசீதைப் படமாக மட்டும் அனுப்பினால், அசல் தாளைக் கையில் கேளுங்கள். லாட் நம்பரையும் முகவரியையும் பாருங்கள், அதை எடுத்துக்கொண்டு மாநகர் மன்ற முகப்புக்கு நேரில் போய்ச் சரிபாருங்கள். அதுவரை அடுத்த தவணையைக் கொடுக்காதீர்கள். ஏற்கெனவே குழாய் போட்டுவிட்டவர்கள் இன்றே அடுப்பை அணைத்து, ஆறியதும் சிலிங்கில் ஒரு பலகையைக் கழற்றி, குழாய்க்குப் பக்கத்தில் மரம் இருக்கிறதா என்று பாருங்கள். கட்டைவிரல் மறைத்த ரசீது உங்களுக்கும் வந்திருந்தால் எனக்கு எழுதுங்கள். என்னிடம் இருக்கும் படத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம்.