‘வெயிலே தேவையில்லக்கா’ என்று சொல்லி 340 வெள்ளியை வாங்கிக்கொண்டவர்

எனக்கு வீட்டுச் செடிகளை விற்றவர் என் கைப்பேசி எண்ணைத் தடுத்துவிட்டார் என்பது நேற்றிரவுதான் உறுதியானது. போனது 340 சிங்கப்பூர் வெள்ளி (டாலர்). கோபம் ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். வீட்டுக்குள் வளர்க்க ஏற்ற செடிகள் எவை என்பதையும் கடைசியில் சொல்கிறேன்.

எங்களுடையது சிங்கப்பூரில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) அடுக்குமாடியில் ஒரு நான்கறை வீடு. வரவேற்பறைச் சன்னல் பொது நடைவழியைப் பார்த்திருப்பதால், பகலிலும் விளக்கைப் போட்டால்தான் அங்கே நாளிதழ் படிக்க முடியும். பழைய பொருள், புதிய பொருள் எல்லாம் விற்கும் ஒரு கைப்பேசிச் செயலியில், ‘வீட்டுச் செடித் தொகுப்பு, 30 நாள் உத்தரவாதம்’ என்ற விளம்பரத்தைப் பார்த்து ஆங்கிலத்தில் விசாரித்தேன். என் பெயரைப் பார்த்தவர், “அக்கா, நீங்க தமிழா? அப்ப உங்களுக்கு நானே பார்த்து எடுத்துத் தர்றேன்” என்று தமிழில் பதில் எழுதினார். நான் ஏமாந்தது அந்த இடத்தில்தான். வரவேற்பறையைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னபோது, இவ்வளவு அக்கறையாக எந்தக் கடைக்காரர் கேட்பார் என்று நினைத்து, மூன்று படங்கள் அனுப்பினேன். “சன்னல் இருக்கே, இது போதும். இந்த நாலு வகைக்கும் வெயிலே தேவையில்லக்கா. காத்தையும் சுத்தமாக்கும், நாசாவே சொல்லியிருக்கு” என்றார். நாசாவின் அந்த 1989ஆம் ஆண்டு ஆய்வு, காற்றுப் புகாத சிறு பெட்டிகளுக்குள் செடிகளை வைத்துச் செய்யப்பட்டது என்பதையும், சன்னல் திறந்திருக்கும் வீட்டுக்கு அது பொருந்தாது என்பதையும் பணம் போன பிறகுதான் படித்தேன்.

ஐந்தடி உயர ஃபிடில் லீஃப் ஃபிக் (பெரிய இலை கொண்ட அத்தி வகை) 160 வெள்ளி, இளஞ்சிவப்பு இலை கொண்ட ஃபிலோடென்ட்ரான் 120, லாவண்டர் இரண்டு தொட்டி 30, குரோட்டன்ஸ் 30. மொத்தம் 340 வெள்ளியை, செடிகள் வந்து சேரும் முன்பே பேநவ் என்ற கைப்பேசிப் பணமாற்றுச் சேவை வழியாக அனுப்பினேன்.

முதல் வாரத்திலேயே குரோட்டன்ஸ் இலைகளைக் கொட்டத் தொடங்கியது. நம் அடுக்குமாடி புளோக்குகளின் கீழே முழு வெயிலில் வேலிபோல் நிற்கும் அதே செடிதான் அது. வெளிச்சம் குறைந்தால் நிறமும் போகும், இலையும் உதிரும். இதை நான் தினமும் கடந்து போகிறேன், இருந்தும் யோசிக்கவில்லை என்பதை நினைத்தால் என் மேலேயே எரிச்சல் வருகிறது. லாவண்டர், வறண்ட மத்தியதரைக்கடல் பகுதிச் செடி; நம் ஊர்ப் புழுக்கத்தில், வெயிலும் இல்லாமல், ஒன்பதாம் நாள் தண்டோடு கறுத்துவிட்டது. ஃபிலோடென்ட்ரானின் புதுக் கொழுந்து பச்சையாக வந்தது. தாம்சன் சாலைப் பக்கம் நர்சரி வைத்திருக்கும் பெரியவர் ஒருவரிடம் படத்தைக் காட்டினேன். இந்த வகைச் செடிக்கு வேதிப்பொருள் கொடுத்து இளஞ்சிவப்பை வரவழைத்து விற்பதுண்டு என்றும், அந்த நிறம் நிலைக்காது என்றும் சொன்னார்.

நான் புகார் சொன்ன ஒவ்வொரு முறையும் ஒரு காரணம் வந்தது. முதலில், “செடி வீடு மாறியிருக்கு, பழகட்டும்” என்றார். பிறகு தண்ணீர் அதிகம் என்றார். அதற்கு நான்கே நாள் கழித்துத் தண்ணீர் போதவில்லை என்றார். உத்தரவாதத்தை நினைவுபடுத்தியபோது, “அது தொட்டிக்குத்தான்க்கா, செடி உயிருள்ள பொருள், திருப்பி வாங்க மாட்டோம்” என்று பதில் வந்தது. தொட்டிக்கு எதற்கய்யா 30 நாள் உத்தரவாதம்?

நேற்று ஃபிடில் லீஃப் ஃபிக்கின் கடைசி இலைகளும் பழுப்பாகி விழுந்தபோது, அடிமரத்தைப் பிடித்து லேசாக அசைத்துப் பார்த்தேன், கையோடு வந்துவிட்டது. அடியில் வேரே இல்லை. 160 வெள்ளி கொடுத்து நான் வாங்கியது, எங்கிருந்தோ வெட்டி எடுத்துப் புது மண்ணில் செருகிய ஒரு போத்து. அதைப் படம் எடுத்து அனுப்பிய பிறகுதான் என் எண் தடுக்கப்பட்டது. சிறு தொகை வழக்குகளை விசாரிக்கும் சிறு உரிமைக்கோரல் நடுவர் மன்றத்தில் மனுக் கொடுக்க என்னைப் போன்றவர்களுக்குப் பத்து வெள்ளிதான் கட்டணம். ஆனால் யாருக்கு எதிராக என்று எழுதுவது? அவருடைய முகவரியும் என்னிடம் இல்லை, முழுப்பெயரும் இல்லை. நாளை பயனீட்டாளர் (நுகர்வோர்) சங்கத்தை அழைக்கப்போகிறேன்.

செடிகளைப் பற்றி விரிவாக எழுத நினைத்தேன். இப்போது மனம் ஓடவில்லை. மங்கலான அறையைத் தாங்கக்கூடியவை மணி பிளாண்ட், பாம்புச்செடி (நம் ஊர் மருளின் உறவுதான்), கிழங்கில் நீரைச் சேமிக்கும் இசட் இசட் செடி, பச்சை இலை அக்லோனிமா ஆகியவை. நான்குமே விலை குறைந்தவை. இவற்றிலும் மணி பிளாண்ட், அக்லோனிமா இலைகளைக் குழந்தைகளோ பூனையோ கடித்தால் வாய் எரிந்து வீங்கும், எட்டாத உயரத்தில் வையுங்கள். தொட்டிக்கு அடியில் உள்ள தட்டில் நீர் தேங்கினால் ஏடிஸ் கொசு வரும், ஒரு நாள் விட்டு ஒரு நாளாவது கொட்டிவிடுங்கள். பெரிய செடியை நேரில் பார்க்காமல், அடிமரத்தை அசைத்துப் பார்க்காமல் வாங்காதீர்கள். செடி கைக்கு வரும்முன் பேநவ்வில் ஒரு வெள்ளிகூட அனுப்பாதீர்கள், எதிரே இருப்பவர் எவ்வளவு அழகாக ‘அக்கா’ என்று கூப்பிட்டாலும்.