தொழிற்சாலை மூடும்போது நீட்டப்படும் கடிதம்: ஒன்ராறியோவில் வேலை செய்பவர்கள் கவனிக்கவும்

ஸ்காபுறோவில் கார் உதிரிப்பாகங்கள் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் பதினான்கு ஆண்டுகள் வேலை செய்தேன். இப்போது அதை மூடுகிறார்கள். என் முறைப்பாடு விசாரணையில் இருப்பதால் நிறுவனத்தின் பெயரை எழுதவில்லை. அங்கே நடந்ததை எழுதுகிறேன்.

மனிதவளப் பிரிவின் அறைக்கு ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக் கடிதம் கொடுத்தார்கள். என் கடிதத்தில் 12 வாரச் சம்பளம் இருந்தது: 8 வாரம் முன்னறிவித்தலுக்குப் பதிலாக, 4 வாரம் "நல்லெண்ணக் கொடுப்பனவு". மறுநாள் மாலை ஐந்து மணிக்குள் கையெழுத்திடாவிட்டால் நல்லெண்ணம் காலாவதியாகிவிடும் என்றார் மேசைக்கு அந்தப்பக்கம் இருந்த இளம்பெண். அடுத்த தொகுதியில் அவருக்கும் இதே கடிதம் வரவிருந்தது; பாவம், சொல்லிக்கொடுத்ததைச் சொன்னார்.

இனிக் கணக்கைப் பாருங்கள். ஒன்ராறியோவில் ஐந்தாண்டு அல்லது அதற்கு மேல் வேலை செய்தவருக்கு, முதலாளியின் சம்பளப் பட்டியல் ஆண்டுக்கு 2.5 மில்லியன் டாலரைத் தொட்டால், அல்லது தொழிலை மூடுவதால் ஆறு மாதத்துக்குள் 50 பேர் வேலை இழந்தால், செவரன்ஸ் என்ற தனிக் கொடுப்பனவு உண்டு. ஆண்டுக்கு ஒரு வாரச் சம்பளம், உச்சம் 26 வாரம். இது முன்னறிவித்தல் பணத்துக்கு மேலதிகமானது. எனக்கு 14 வாரம். ஆக, எவருடைய நல்லெண்ணமும் இல்லாமலே 22 வாரம் எனக்கு வரவேண்டும். அதில் பத்து வாரத்தை விழுங்கிவிட்டு, கொடுக்க வேண்டிய செவரன்ஸில் நான்கு வாரத்தை எடுத்து அன்பளிப்புப் போல நீட்டினார்கள்.

இன்னொரு கெட்டித்தனமும் உண்டு. நான்கு வாரத்துக்குள் 50 பேர் அல்லது அதற்கு மேல் நிறுத்தப்பட்டால் அது கூட்டுப் பணிநீக்கம். 200 முதல் 499 பேர் வரை என்றால் ஒவ்வொருவருக்கும் 12 வார முன்னறிவித்தல் கொடுக்க வேண்டும். நாங்கள் இருநூறுக்கு மேற்பட்டவர்கள். அதனால் நாற்பது நாற்பது பேராகப் பிரித்து, இடையில் ஐந்து வாரம் விட்டு அனுப்பினார்கள். எனக்கு அடுத்த இயந்திரத்தில் நின்ற தம்பிக்கு இரண்டு ஆண்டுச் சேவை; 12 வாரம் கிடைத்திருக்க வேண்டியவனுக்கு இரண்டே வாரம். ஆனால் செவரன்ஸை இந்தப் பிரிப்பால் தட்டிக்கழிக்க முடியாது. அதனால்தான் அதற்குத் தனியாக அந்தக் கடிதம்.

மிகக் கேவலமானது இரண்டாம் பக்கம். "இரு தரப்பும் உடன்பட்டு, நானாகவே விலகுகிறேன்" என்று ஒரு வரி. பொதியிடும் பகுதியில் இருந்த அக்கா ஒருவர் கையெழுத்திட்டார். வேலை ஏன் முடிந்தது என்று முதலாளி எழுதிக் கொடுக்கும் ஆர்.ஓ.ஈ. பத்திரத்தில், வேலை இல்லாமையைக் குறிக்கும் "ஏ" இருக்க வேண்டிய இடத்தில், தானாக விலகியதைக் குறிக்கும் "ஈ" விழுந்தது. வேலையிழப்புக் காப்புறுதி நின்றுபோனது. மூடப்படும் தொழிற்சாலையிலிருந்து "தானாக" விலகினாராம்!

யூனியனைப் பற்றியும் சொல்ல வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் எங்களில் சிலர் யூனியன் அமைக்க உறுப்பினர் அட்டை சேர்க்கத் தொடங்கியதும், முகாமையாளர் எங்களை உணவறையில் கூட்டி வைத்து, ஒன்ராறியோவின் லண்டன் நகரில் கட்டர்பில்லர் நிறுவனத்தின் ரயில் எஞ்சின் தொழிற்சாலை 2012-இல் மூடப்பட்டதைச் சொன்னார். யூனியன் வந்தால் எங்களுக்கும் அதே கதிதான் என்பது குறிப்பு. சம்பளத்தை ஏறத்தாழப் பாதியாக்கக் கேட்டது நிறுவனம் என்பதையும், மறுத்தவர்களைப் புத்தாண்டு நாளிலேயே கதவடைத்து வெளியே நிறுத்தியதையும் அவர் சொல்லவில்லை. மூடிய பிறகு சட்டக் குறைந்தபட்சத்தைவிட அதிகமான இழப்பீட்டை யூனியன் பேசி வாங்கியதையும் விட்டுவிட்டார். யூனியன் இருந்தால் மூடமாட்டார்கள் என்று நான் சொல்லவில்லை. 2018-இல் ஓஷவா ஜெனரல் மோட்டார்ஸ் ஆலையை மூடப்போவதாக அறிவித்தபோது அங்கே யூனிஃபோர் என்ற யூனியன் இருந்தது. எங்களிடம் யூனியன் இல்லை, எங்கள் ஆலையும் மூடப்படுகிறது. வித்தியாசம், அந்த அறைக்குள் தனியாகப் போனோம் என்பதுதான்.

நான் கையெழுத்திடவில்லை. கடிதத்தை வீட்டுக்குக் கொண்டுவந்து, தொழிலாளர் அமைச்சில் முறைப்பாடு செய்தேன். அதற்குக் கட்டணம் இல்லை. இரண்டு ஆண்டுக்குள் செய்யலாம். படிவம் நிரப்பித் தர, கிடைக்கும் தொகையில் பங்கு கேட்டார் நம்மவர் ஒருவர். ஒரு சதமும் கொடுக்காதீர்கள்.

படிவத்தை அனுப்புமுன் ஒரு விடயம். யூனியன் இல்லாதவருக்கு, வேலை ஒப்பந்தம் தடுக்காவிட்டால், நீதிமன்றத்தில் இதைவிட மிக அதிகம் கிடைக்கக்கூடும். ஆனால் இந்தப் பணத்துக்காக அமைச்சில் முறைப்பாடு செய்துவிட்டு, இரண்டு வாரத்துக்குள் அதை மீளப்பெறாவிட்டால், அதே பணிநீக்கத்துக்காக வழக்குப் போட முடியாது. ஆகவே முதலில் ஒரு வேலைச் சட்ட வழக்கறிஞரிடம் பேசுங்கள். ஒன்ராறியோ சட்டச் சங்கத்தின் பரிந்துரைச் சேவை வழியாக 30 நிமிடம் வரை இலவசமாகப் பேசலாம். ஏற்கெனவே கையெழுத்திட்டவர்களும் கைவிட வேண்டாம்: சட்டம் தரும் குறைந்தபட்சத்தை எந்தக் கையெழுத்தும் பறிக்க முடியாது. அந்த அக்காவும் இப்போது முறைப்பாடு செய்திருக்கிறார்.

அடுத்த தொகுதிக் கடிதங்கள் வரும் மாதம் என்று உள்ளே இருப்பவர்கள் சொல்கிறார்கள். கையில் கிடைத்ததும் முதலில் இரண்டாம் பக்கத்தைப் படியுங்கள்.